பழைய கான் கார்னெட் சேகரிக்கணுமா? எழுத்த படிக்கிறதுல இருந்து பெட்டிக்குள்ள வைக்கிற வரைக்கும் முழு வழிகாட்டி

கார்னெட்டுங்கிறது ட்ரம்பெட் மாதிரி ஊதுற ஒரு பித்தளை வாத்தியம், கான்ங்கிறது அத செஞ்ச அமெரிக்க கம்பெனி. பழைய பித்தளை பேண்ட் வாத்தியம் சேகரிக்க ஆசைப்படுறவங்க யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்றது இதான், பளபளப்ப பாத்து வாங்காதீங்க, எழுத்த பாத்து வாங்குங்க. நான் வாங்குன முதல் கார்னெட் கண்ணாடி மாதிரி மின்னுச்சு, ஆன்லைன்ல போட்டோ பாத்ததுமே மனசு அதுக்கு போயிடுச்சு, பார்சல் வந்து பிரிச்சு பாத்தா பெல் (விரிஞ்ச வாய் பகுதி) மேல இருக்க வேண்டிய என்கிரேவிங், அதாவது பொறிச்ச எழுத்து, பாதிய காணோம். வித்தவரு மெஷின் வச்சு பஃப் அடிச்சிருக்காரு. ஊர் பேர் இருந்த இடத்துல நிழல் மாதிரி ரெண்டு எழுத்து, ஒரு பூவோட பாதி இதழ், அவ்ளோதான். நூறு வருஷத்துக்கு மேல தாங்குன எழுத்து கொஞ்ச நேர பாலிஷ்ல போயிடுச்சு. அந்த கார்னெட் இன்னும் என்கிட்ட இருக்கு, ஆனா அது எந்த ஊர் பட்டறையில எந்த வருஷம் செஞ்சதுன்னு என்னால உறுதியா சொல்ல முடியல. அந்த வருத்தத்துல கத்துக்கிட்டது தான் கீழ இருக்குறது எல்லாம்.

படி 1: ஒரே ஒரு மேக்கர புடிங்க

19ஆம் நூற்றாண்டு அமெரிக்கால சின்ன சின்ன ஊருக்கு கூட ஒரு பேண்ட் இருந்துச்சு, அதுக்கு வாத்தியம் செஞ்சு குடுக்க பட்டறைகளும் நிறைய இருந்துச்சு. நியூ ஹாம்ப்ஷயர்ல வின்செஸ்டர் ஊர்ல சாமுவேல் கிரேவ்ஸ், பாஸ்டன்ல ஈ.ஜி. ரைட், வூஸ்டர்ல ஐசக் ஃபிஸ்க், நியூயார்க்ல ஜான் ஸ்ட்ராட்டன், பிலடெல்பியால ஜே.டபிள்யூ. பெப்பர்னு பெரிய வரிசையே இருக்கு. உள்நாட்டு போர் காலத்து ஓவர் த ஷோல்டர் ஹார்ன் பாத்திருப்பீங்க, பெல் தோளுக்கு மேல போயி பின்பக்கமா பாத்துட்டு இருக்கும், முன்னாடி வாசிச்சுட்டு போற பேண்டோட சத்தம் பின்னாடி நடந்து வர்ற சிப்பாய்ங்களுக்கு கேக்கணும்னு அப்படி செஞ்சாங்க. பாக்க அவ்ளோ அழகா இருக்கும். ஆனா ஆரம்பத்துல அந்தப் பக்கம் போகாதீங்க, கிடைக்கிறது கம்மி, விலை ஜாஸ்தி, தப்பா வாங்குனா அடி பலமா விழும்.

ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்றது சி.ஜி. கான். இந்தியானா மாநிலம் எல்க்ஹார்ட் ஊர். காரணம் என்னன்னா அந்த கம்பெனி ஏகப்பட்ட வாத்தியம் செஞ்சு தள்ளிச்சு, அதனால இன்னைக்கும் பரண்ல இருந்தும் பழைய வீட்டு சாமான் ஏலத்துல இருந்தும் வந்துட்டே இருக்கு, விலை கைக்கு எட்டுற மாதிரி இருக்கு, முக்கியமா பெல் மேல பொறிச்ச விலாசம் காலத்துக்கு காலம் மாறியிருக்கு. அந்த விலாசத்த படிக்க தெரிஞ்சா வாத்தியம் தன் வயச தானே சொல்லிடும்.

படி 2: அந்த ஆளோட கதைய தெரிஞ்சுக்கோங்க

கதை தெரியாம இத சேகரிச்சா வெறும் பித்தளை சேத்த மாதிரி தான் இருக்கும், அதுவும் இல்லாம தேதி கண்டுபுடிக்கவே இந்த கதை தான் உதவும், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

சார்லஸ் ஜெரார்ட் கான் 1844 ஜனவரி 29 பொறந்தவரு. 1861ல 17 வயசுல உள்நாட்டு போர்ல சேந்தாரு, இந்தியானா காலாட்படை ரெஜிமென்ட்ல பேண்ட்காரரா. அப்புறம் மிச்சிகன் துப்பாக்கி படையில அதிகாரியா போயி 1864ல பீட்டர்ஸ்பர்க் சண்டையில காயம் பட்டு கைதியும் ஆனாரு. போர் முடிஞ்சு எல்க்ஹார்ட் திரும்பி மளிகை, பேக்கரி, அப்புறம் வெள்ளி முலாம், ரப்பர் ஸ்டாம்ப்னு கிடைச்ச தொழில் எல்லாம் செஞ்சாரு, சாயங்காலம் ஆனா ஊர் பேண்ட்ல கார்னெட். ஒரு அடிதடில உதடு கிழிஞ்சு போச்சு, சண்டை எதுக்குன்னு ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்க, உதடு கிழிஞ்சது மட்டும் எல்லா கதையிலயும் இருக்கு. மவுத்பீஸ உதட்டுல வச்சு அழுத்தவே முடியல. கையில தான் ரப்பர் வேலை இருக்கே, மவுத்பீஸ் விளிம்புல ரப்பர் வச்சு பாத்தாரு, வலி இல்லாம வாசிக்க முடிஞ்சுது, பாத்தவங்க எல்லாம் எனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. 1875ல அதுக்கு பேட்டன்ட் வாங்கினாரு. ஒரு பெரிய கம்பெனியே அந்த கிழிஞ்ச உதட்டுல இருந்து தான் ஆரம்பிச்சிருக்கு.

1876ல யூஜீன் டூபான்ட்ங்கிற கைதேர்ந்த ஆளோட கூட்டு சேந்தாரு, டூபான்ட் அதுக்கு முன்னாடி லண்டன்ல ஹென்றி டிஸ்டின்கிட்ட வேலை பாத்தவரு. 1879ல கூட்டு பிரிஞ்சுது. 1880ல கான் எல்க்ஹார்ட் மேயர் ஆனாரு. 1883 ஜனவரி 29, அவரோட பொறந்தநாள் அன்னைக்கே ஃபேக்டரி எரிஞ்சு போச்சு, திரும்ப கட்டினாரு. 1887ல மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டர்ல ஐசக் ஃபிஸ்க்கோட பட்டறைய வாங்கினாரு. ஃபிஸ்க் 1840கள்ல இருந்து அங்க வேலை செஞ்ச பெரிய கை, அவரு ஓய்வு எடுக்குற நேரம். 1898 வரைக்கும் ரெண்டு ஊர்லயும் வேலை நடந்துச்சு. நடுவுல 1893ல இருந்து 1895 வரைக்கும் காங்கிரஸ் உறுப்பினராவும் இருந்தாரு. 1910ல ஃபேக்டரி மறுபடியும் எரிஞ்சுது. 1915ல கார்ல் கிரீன்லீஃப்கிட்ட கம்பெனி கை மாறிச்சு. கான் செத்தது 1931ல.

இந்த வருஷங்கள ஒரு பேப்பர்ல எழுதி பர்ஸ்ல வச்சுக்கோங்க, அடுத்த படிக்கு அது வேணும்.

படி 3: பெல் மேல என்ன எழுதியிருக்குன்னு படிங்க

நாதஸ்வரத்துல அணசு இருக்குற மாதிரி கார்னெட்டுக்கு பெல், விரிஞ்ச வாய் பகுதி. அதோட வெளிப்பக்கத்துல தான் பேரும் ஊரும் கையால பொறிச்சிருப்பாங்க. போன் டார்ச்ச நேரா அடிக்காதீங்க, பெல்லுக்கு பக்கவாட்டுல படுக்க வச்ச மாதிரி அடிங்க, அப்போ தான் தேஞ்ச கோடு கூட நிழல் விழுந்து தெரியும். நேரா அடிச்சா எல்லாமே வெளிச்சத்துல கரைஞ்சு போயிடும். நான் பெல்ல கொஞ்சம் கொஞ்சமா திருப்பி திருப்பி எட்டு பத்து போட்டோ எடுப்பேன், ஒண்ணுல தெரியாத எழுத்து இன்னொண்ணுல தெரியும்.

கான் அண்ட் டூபான்ட்னு ரெண்டு பேரும் இருந்தா அது 1876க்கும் 1879க்கும் நடுவுல. இது அபூர்வம், பாத்தா விடாதீங்க. எல்க்ஹார்ட், வூஸ்டர்னு ரெண்டு ஊரும் சேந்து இருந்தா 1887ல இருந்து 1898க்குள்ள, அதாவது நிச்சயமா 19ஆம் நூற்றாண்டு சரக்கு, ஆரம்பிக்கிறவங்க தேட வேண்டியது இத தான். எல்க்ஹார்ட்டோட நியூயார்க் பேர் சேந்து வந்தா 1890களோட கடைசிக்கு அப்புறம். பேருக்கு பின்னாடி லிமிடெட்னு இருந்தா அது 1915க்கு அப்புறம் வந்த கிரீன்லீஃப் காலம், வித்தவரு 1880னு எழுதியிருந்தாலும் நம்பாதீங்க.

கஷ்டம் எங்க வரும்னா எல்க்ஹார்ட் மட்டும் தனியா இருக்குறப்ப தான். வூஸ்டர் வாங்குறதுக்கு முன்னாடியும் அப்படி எழுதினாங்க, வூஸ்டர்ல வேலை நின்ன அப்புறமும் எழுதினாங்க. அப்போ மத்த அடையாளத்த பாக்கணும், மாடல் பேர், சீரியல் நம்பர், பேட்டன்ட் தேதி. வொண்டர்னு மாடல் பேர் நிறைய பாப்பீங்க, அது அவங்களோட ஓடுன குதிரை. கான்கரர்னு பேர் இருந்தா அது 1900க்கு அப்புறம் வந்த மாடல்.

பேட்டன்ட் தேதிய பத்தி ஒரு விஷயம். தேதி பொறிச்சிருந்தா அந்த வருஷத்துல செஞ்சதுன்னு அர்த்தம் இல்ல, அதுக்கு முன்னாடி செஞ்சிருக்க முடியாதுன்னு மட்டும் தான் அர்த்தம். விக்கிறவங்க பாதி பேரு இத தான் செஞ்ச வருஷம்னு போட்டு விக்கிறாங்க. அமெரிக்க பேட்டன்ட் எல்லாம் இன்டர்நெட்ல இலவசமா தேடலாம், படத்தோட கிடைக்கும், வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடுங்க.

என்கிரேவிங் எப்படி இருக்குன்னு விரல் நகத்தால தொட்டும் பாக்கலாம். கைப்படாத கோடு ஓரத்துல கூரா இருக்கும், நகம் லேசா தட்டும். பஃப் அடிச்சதுன்னா ஓரம் எல்லாம் மழுங்கி வழுவழுன்னு போகும். வெறும் ஊர் பேர் மட்டும் இருக்குற சாதா பீஸும் உண்டு, பூ கொடி எல்லாம் நுணுக்கி நுணுக்கி வெட்டுன பீஸும் உண்டு. கான் கம்பெனியில ஜேக் கார்ட்னர்னு ஒரு என்கிரேவர் இருந்தாரு, இந்த துறையில இருக்குறவங்க அந்த பேர மரியாதையோட தான் சொல்வாங்க.

படி 4: சீரியல் நம்பர்

கார்னெட்ல பெரும்பாலும் வால்வ் கேசிங் (விரலால அழுத்துற வால்வ் ஏறி இறங்குற கூடு) மேல அடிச்சிருப்பாங்க. நம்பர வச்சு வருஷம் பாக்குற லிஸ்ட் நிறைய சுத்திட்டு இருக்கு, பின்னாடி வந்த சேகரிப்பாளர்கள் ஒண்ணொண்ணா சேத்து தொகுத்தது அதெல்லாம், பழைய நம்பருக்கு போகப் போக தோராயம் தான். ஒரு ரெண்டு மூணு வருஷம் முன்ன பின்ன இருக்கும்னு வச்சுக்கோங்க. லிஸ்ட் ஒரு வருஷம் சொல்லுது, பெல்லுல இருக்குற விலாசம் வேற காலத்த சொல்லுதுன்னா நான் விலாசத்தோட தான் நிப்பேன். இல்லன்னா பெல் ஒரு வாத்தியத்துல இருந்தும் வால்வ் இன்னொண்ணுல இருந்தும் எடுத்து ஒட்டுனதான்னு சந்தேகப்படுவேன், அந்த காலத்து ரிப்பேர்ல அதெல்லாம் சகஜம்.

படி 5: கையில எடுத்து பாக்குறது

இது தான் ரொம்ப முக்கியமான படி, இங்க அவசரப்படாதீங்க.

முதல்ல இடது கை புடிக்கிற இடத்த பாருங்க. கார்னெட்ட வாசிக்கிறவங்க இடது கையால வால்வ் கேசிங்க சுத்தி புடிப்பாங்க, வலது கை விரல் மேல. என்கிட்ட இருக்குற வூஸ்டர் காலத்து பீஸ் ஒண்ணுல அந்த இடத்துல மட்டும் வெள்ளி முலாம் தேஞ்சு உள்ள இருக்குற பித்தளை மஞ்சளா தெரியுது, சும்மா திட்டா இல்ல, மூணு விரல் ஒண்ணு கீழ ஒண்ணா படிஞ்ச தடம், கட்டை விரலுக்கு அந்தப் பக்கம் தனியா ஒரு வட்டம். என் கைய வச்சா விரல் கொஞ்சம் மாறி விழுது, அந்த ஆள் கை என் கைய விட பெருசு. யாருன்னு தெரியாது, ஆனா வருஷக்கணக்கா அத புடிச்சு வாசிச்சிருக்காரு. இந்த மாதிரி தேய்மானம் குறையே கிடையாது, இத மறுபடி முலாம் போட்டு மறைக்கிறவங்க மேல எனக்கு உண்மையாவே கோவம் வரும்.

இதுல இருந்தே ஒரு சோதனையும் இருக்கு. முலாம் நியாயமா தேஞ்சிருந்தா கை படுற இடத்துல தான் தேஞ்சிருக்கணும். கை படவே படாத வளைவுல எல்லாம் ஒரே சீரா தேஞ்சு மஞ்சள் தெரிஞ்சா அது பஃப் மெஷின் வேலை. அதே மாதிரி பீஸ் மேல கண்ணாடி மாதிரி லாக்கர் (வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு) பூசியிருந்தா அதுவும் பின்னாடி யாரோ செஞ்சது, அந்த காலத்துல வெறும் பித்தளையா விட்டாங்க, இல்ல நிக்கல், வெள்ளி, தங்கம்னு முலாம் போட்டாங்க. வாத்தியத்துக்கு லாக்கர் பூசுறது பரவலா வந்தது 1920களுக்கு அப்புறம் தான்.

அடுத்தது வால்வ். மூணையும் அழுத்தி பாருங்க, தானா மேல வரணும். வரலன்னா உடனே ஒதுக்காதீங்க, பாதி நேரம் காஞ்சு போன பழைய எண்ணெய் தான் காரணம். பிஸ்டன் (கேசிங்குக்குள்ள ஏறி இறங்குற உருளை) மேல 1, 2, 3னு நம்பர் இருக்கும், அது அது அதோட இடத்துல இருக்கான்னு பாருங்க, மாத்தி போட்டு வச்சிட்டு ஊதுனா காத்து போகலன்னு சொல்லி மலிவா விக்கிற ஆளுங்கள நான் பாத்திருக்கேன், வாங்குறவங்களுக்கு அது நல்ல நாள். அப்புறம் வால்வ அழுத்தாம அந்த வால்வோட ஸ்லைட (இழுத்தா வெளிய வர்ற வளைஞ்ச குழாய்) மெதுவா வெளிய இழுங்க, கழண்டு வர்றப்ப பட்டுன்னு ஒரு சத்தம் வந்தா காத்து நல்லா அடைக்குது, வால்வ் தேயலன்னு அர்த்தம். சத்தமே இல்லாம வழுக்கிட்டு வந்தா வால்வ் தேஞ்சு போயிருக்கலாம். அத சரி பண்ண மறுபடி முலாம் ஏத்தி கேசிங்குக்கு பொருத்தணும், வாத்தியத்தோட விலைய விட செலவு கூட ஆகும்.

ஸ்லைடு இறுகி இருந்தா சரி பண்ணலாம். குழிவு விழுந்திருந்தா எடுக்கலாம், ஆனா பெல்லுல என்கிரேவிங் நடுவுல குழிவுன்னா யோசிங்க, அத தட்டி எடுக்குறப்ப எழுத்தும் கெடும்.

எடுக்கவே முடியாதது ஒண்ணு இருக்கு, அமெரிக்கால அத ரெட் ராட்னு சொல்வாங்க. மஞ்சள் பித்தளைங்கிறது ஏறக்குறைய பத்துல ஏழு பங்கு செம்பு, மூணு பங்கு துத்தநாகம். உள்ள எச்சில் ஈரம் பட்டு பட்டு துத்தநாகம் மட்டும் கரைஞ்சு போயி செம்பு சல்லடை மாதிரி மிச்சம் நிக்கும். வெளியில இருந்து பாத்தா ரோஸ் கலர் வட்டம், நடுவுல கருப்பு புள்ளி. மவுத்பீஸ் சொருகுற லீட்பைப்ல தான் முதல்ல வரும். வெளிய புள்ளி தெரியுதுன்னா உள்ள இருந்து அரிச்சுட்டு வந்து முடிஞ்சுதுன்னு அர்த்தம். ஒரு பைப்ல மட்டும்னா சமாளிக்கலாம், பல இடத்துல இருந்தா வேண்டாம்.

ஒரு விஷயத்துக்கு பயப்பட வேண்டாம், பெல்லோட அடிப்பக்கத்துல நீளமா ஒரு மெல்லிசு கோடு தெரியலாம். விரிசல்னு நினைச்சு பல பேர் திருப்பி குடுத்துடுறாங்க. அந்த காலத்துல பெல்ல தகடா வெட்டி சுருட்டி ஓரத்த பத்தவச்சு அப்புறம் தட்டி தட்டி வடிவம் கொண்டு வந்தாங்க, அந்த பத்தவச்ச தடம் தான் அது.

படி 6: சுருதி விஷயம்

வாங்கி ஊதி பாத்துட்டு வாத்தியம் கெட்டு போச்சுன்னு நிறைய பேரு நினைப்பாங்க, அதனால இத தெரிஞ்சுக்கோங்க. இன்னைக்கு பெரும்பாலான இடத்துல ஏ சுரம்னா 440, அதாவது நொடிக்கு 440 அதிர்வு. அந்த காலத்து அமெரிக்க பேண்ட் நிறைய ஹை பிட்ச்னு சொல்ற உசந்த சுருதியில வாசிச்சாங்க, ஏ சுமார் 457 வரைக்கும். 1917ல அமெரிக்க இசைக்கலைஞர் தொழிற்சங்கம் 440 ஏத்துக்கிட்ட அப்புறம் தான் பழசு மெல்ல மெல்ல போச்சு. அதனால 1890ல ஹை பிட்ச்ல செஞ்ச கார்னெட்ட இன்னைக்கு சுருதி காட்டுற ட்யூனர் முன்னாடி வாசிச்சா அரைச்சுரத்துல மூணுல ரெண்டு பங்கு ஏறி நிக்கும்.

சில பீஸ்ல எச்.பி., எல்.பி.னு முத்திரை இருக்கும், எச்.பி. உசந்தது, எல்.பி. தாழ்ந்தது. முத்திரை இல்லன்னா கணக்கு போட்டு பாக்கலாம். பி பிளாட் கார்னெட்ட பிரிச்சு நீட்டுனா ஏறக்குறைய நாலரை அடி, 137 சென்டிமீட்டர். 457ல இருந்து 440க்கு இறக்க சுமார் 5 சென்டிமீட்டர் குழாய் கூட வேணும், சுருதி சேக்குற பெரிய ஸ்லைடுக்கு ரெண்டு கால் இருக்குறதால ரெண்டரை சென்டிமீட்டர் வெளிய இழுத்தா போதும். முடியும் தான், ஆனா மூணு வால்வ் ஸ்லைடையும் அதுக்கு ஏத்த மாதிரி சில மில்லிமீட்டர் இழுக்கணும், இல்லன்னா வெறும் சுரம் சேரும், வால்வ் அழுத்துனா சேராது.

தயவு செஞ்சு இதுக்காக குழாய வெட்டி ஒட்டாதீங்க. பழைய பெட்டில நீளமான இன்னொரு ஸ்லைடோ, ஏ சுருதிக்கு மாத்துற ஷாங்க்கோ (மவுத்பீஸுக்கு கீழ சொருகுற சின்ன குழாய்) சில நேரம் கூடவே இருக்கும். பெட்டி காலின்னு விக்கிறவரு சொன்னாலும் வெல்வெட் துணிக்கு அடியில, மூலையில இருக்குற சின்ன அறையில எல்லாம் தேடி பாக்க சொல்லுங்க.

படி 7: எங்க வாங்குறது, என்ன கேக்குறது

அமெரிக்கால இருக்குறவங்களுக்கு எஸ்டேட் சேல் (பழைய வீட்டு சாமான் விக்கிறது), ஆன்டிக் மால், உள்ளூர் ஏலம் எல்லாம் நல்ல இடம், கையில எடுத்து பாக்கலாம். மத்தவங்களுக்கு ஈபே தான் கதி. சாதாரண வெள்ளி முலாம் கார்னெட் சில நூறு டாலருக்குள்ள அடிக்கடி வரும். என்கிரேவிங் நிறைஞ்சதோ, தங்க முலாமோ, கான் அண்ட் டூபான்டோ வந்தா கதையே வேற. கென்டக்கில டான்வில்ங்கிற ஊர்ல வருஷா வருஷம் கிரேட் அமெரிக்கன் பிராஸ் பேண்ட் ஃபெஸ்டிவல் நடக்கும், பழைய பேண்ட் இசைய நேர்ல கேக்கவும் இதே கிறுக்கு உள்ள ஆளுங்கள பாக்கவும் போகலாம். நிறைய பீஸ் ஒரே இடத்துல பாக்கணும்னா சவுத் டகோட்டால வெர்மிலியன் ஊர்ல இருக்குற நேஷனல் மியூசிக் மியூசியம், அவங்க சேகரிப்ப இன்டர்நெட்லயும் பாக்கலாம், வாங்க போற மாடல் ஒண்ணு அங்க இருந்தா ஒப்பிட்டு பாத்துக்கோங்க.

ஆன்லைன்ல வாங்குறப்ப விக்கிறவர்கிட்ட மரியாதையா ஆனா விடாம கேளுங்க. என்கிரேவிங் கிட்டத்துல ஒரு போட்டோ, சீரியல் நம்பர் ஒரு போட்டோ, லீட்பைப் நல்ல வெளிச்சத்துல ஒரு போட்டோ. வால்வ் மூணும் அசையுதா, ஸ்லைடு எல்லாம் வருதா, எந்த ஸ்லைடு வரல, மவுத்பீஸ் இருக்கா, அது உள்ள மாட்டிக்கிட்டு இருக்கா. கடைசியா, நீங்க பாலிஷ் பண்ணீங்களான்னு கேளுங்க, பண்ணலன்னா தயவு செஞ்சு பண்ணாமலே அனுப்புங்கன்னு சொல்லுங்க. நிறைய பேரு நல்லெண்ணத்துல அனுப்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி தேச்சு மினுக்கி அனுப்பிடுறாங்க, நான் இப்ப எல்லாம் பணம் கட்டுறதுக்கு முன்னாடியே இத எழுதி அனுப்பிடுறேன்.

இன்னொரு எச்சரிக்கை. அந்த காலத்துல ஐரோப்பால இருந்து மலிவா இறக்குமதி பண்ணி அமெரிக்க கடைக்காரர் பேர மேல அடிச்சு வித்த வாத்தியம் ஏராளம், அத ஸ்டென்சில்னு சொல்வாங்க. போலின்னு சொல்ல முடியாது, ஆனா அமெரிக்க பட்டறையில செஞ்சதும் இல்ல. பேர் மட்டும் இருந்து சீரியல் நம்பரும் இல்லாம வேலைப்பாடும் மொக்கையா இருந்தா அந்த சந்தேகம் வரட்டும்.

பேக்கிங் பத்தியும் சொல்லிடுங்க. மவுத்பீஸ கழட்டி தனியா சுத்தணும், பெட்டிக்குள்ள உருளாம துணி வச்சு அடைக்கணும், பழைய மரப்பெட்டிய அப்படியே அனுப்பாம அத இன்னொரு அட்டைப்பெட்டிக்குள்ள வச்சு சுத்தி காலி இடம் விடாம நிரப்பணும். பழைய பெட்டியோட பூட்டு வழியில தானா திறந்துக்கும், அதனால சுத்தி ஒரு கயிறு.

படி 8: சுத்தம் பண்றது

நம்ம வீட்டுல பித்தளை குத்துவிளக்க புளி போட்டு தேய்ப்போம், தங்கம் மாதிரி ஆயிடும். அந்த பழக்கத்துல கை பரபரக்கும், தெரியும். பழைய வாத்தியத்துக்கு புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் ஆகாது. புளியில இருக்குற அமிலம் அழுக்கோட சேத்து மேல் உலோகத்தையும் கொஞ்சம் கரைச்சு தான் பளபளப்ப கொண்டு வருது. விளக்குக்கு அது பரவாயில்ல, கெட்டியான வார்ப்பு. கார்னெட் தகடு மெல்லிசு, அதுல இருக்குற எழுத்தோட ஆழம் இன்னும் மெல்லிசு. கடையில விக்கிற பாலிஷ் பேஸ்ட், வெள்ளிய முக்கி எடுக்குற திரவம், அதுவும் வேண்டாம்.

வெதுவெதுப்பான தண்ணி, கூட வேண்டாம், கை பொறுக்குற சூடு. பாத்திரம் தேய்க்குற சோப்பு ரெண்டு சொட்டு. பிஸ்டன எல்லாம் கழட்டி வரிசையா துணி மேல வைங்க, அதுல ஃபெல்ட், கார்க் இருந்தா அது நனையக்கூடாது. வர்ற ஸ்லைட மட்டும் கழட்டுங்க. குழாய் உள்ள போக மெல்லிசான வளையுற பிரஷ் கிடைக்கும், அத மெதுவா விட்டு எடுங்க, முதல் தடவ வர்ற தண்ணி பாத்தா ஆச்சரியப்படுவீங்க, பச்சையும் கருப்புமா வரும். நல்ல தண்ணில அலசி, பருத்தி துணில ஒத்தி, ஒரு நாள் காய விடுங்க. கைய நல்லா கழுவுங்க, குழாய ஒட்ட வச்ச பழைய பத்துல (சாலிடர்ல) ஈயம் இருக்கும்.

இறுகுன ஸ்லைடுக்கு ஊடுருவுற எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ரெண்டு நாள் விடுங்க, மறுபடி ஒரு சொட்டு. ஒரு வாரம் பத்து நாள் கூட ஆகலாம். பிளையர் எடுக்காதீங்க, திருகாதீங்க, சூடு காட்டாதீங்க, நூறு வருஷ ஈயப்பத்து பட்டுன்னு விட்டுக்கும். மவுத்பீஸ் மாட்டிக்கிட்டா அதுக்குன்னு ஒரு புல்லர் கருவி இருக்கு, ரிப்பேர் கடையில ஒரு நிமிஷ வேலை. வால்வ உப்புத்தாள் போட்டு தேய்க்குறது மட்டும் எந்த காலத்துலயும் கூடாது, முடிய விட மெல்லிசான இடைவெளியில தான் அது வேலை செய்யுது.

வெள்ளி கருத்திருந்தா அது காத்துல இருக்குற கந்தகம் வெள்ளியோட சேந்த படிவம். நான் பெரும்பாலும் அப்படியே விட்டுடுவேன். ரொம்ப கருத்து எழுத்தே தெரியலன்னா வெள்ளிக்குன்னு இருக்குற மெல்லிசான துணியால ஒரு தடவ, அதுவும் எழுத்தோட கோட்டுக்குள்ள போகாம மேலாப்புல. எழுத்துக்குள்ள கருப்பு இருந்தா தான் கோடு எடுப்பா தெரியும்.

படி 9: வைக்கிற இடம்

ரப்பர் பேண்ட் போட்டு கட்டாதீங்க, ரப்பர்ல கந்தகம் இருக்கு, வெள்ளில கருப்பு வளையம் விழும். கம்பளி துணியும் அதே மாதிரி தான். நியூஸ்பேப்பர்ல சுத்தாதீங்க. அமிலம் இல்லாத டிஷ்யூ பேப்பர், இல்லன்னா நல்லா துவைச்ச வெள்ளை பருத்தி துணி. ஈரமான ஊர்ல இருக்கீங்கன்னா சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு பெட்டிக்குள்ள போட்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ மாத்துங்க. பழைய பெட்டியில பூஞ்சை வாசம் அடிச்சா வாத்தியத்த அதுக்குள்ள வைக்காம ரெண்டையும் தனித்தனியா வைங்க, ஆனா பெட்டிய தூக்கி போட்டுடாதீங்க, பெட்டியும் அந்த காலத்து சாமான் தான்.

படி 10: வாசிக்கலாமா

வாசிக்கலாம், ரெட் ராட் இல்லாத, வால்வ் நல்லா இருக்குற பீஸ்னா வாசிக்கணும்னே சொல்வேன். இன்னைக்கு செய்யுற மவுத்பீஸ் பழைய கார்னெட்டோட குழாய்க்குள்ள சரியா உக்காராது, ஆடும், அழுத்தி சொருகாதீங்க, மாட்டிக்கும். பழைய ஆழமான கிண்ணம் உள்ள மவுத்பீஸ் தேடி வாங்குங்க, அப்போ தான் அந்த மெத்துன்னு இருக்குற சத்தம் வரும், ட்ரம்பெட் மாதிரி குத்தாது. குளிர் நாள்ல வாத்தியம் அறை சூட்டுக்கு வந்த அப்புறம் ஊதுங்க. ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் போதும், முடிச்சதும் தண்ணிய வடிச்சு, ஸ்லைட இழுத்து உள்ள காத்து போக விட்டு, வால்வுக்கு எண்ணெய் விட்டு வைங்க. லீட்பைப் உள்ள ஈரம் நிக்க விட்டா நீங்களே ரெட் ராட்ட ஆரம்பிச்சு வச்ச மாதிரி.

படி 11: பெட்டிக்குள்ள ஒரு கார்டு

ஒவ்வொரு பீஸ் வர்றப்பவும் அது கைக்கு வந்த அன்னைக்கே எழுதிடுங்க, நாளைக்குன்னு விட்டா மறந்து போகும். கெட்டி அட்டையில பென்சில்ல எழுதுங்க, இங்க் ஊறும். மேக்கர், விலாசம் பொறிச்சிருக்குறபடி எழுத்துக்கு எழுத்து, சீரியல் நம்பர், சுருதி, கூட வந்த சாமான், எந்த ஊர்ல யார் வீட்டு சாமானா இருந்துச்சு, நீங்க என்ன சுத்தம் பண்ணீங்க, என்ன பண்ணல. விக்கிறவர்கிட்ட எங்க தாத்தா ஊர் பேண்ட்ல வாசிச்சதுன்னு ஒரு வரி கிடைச்சா அதையும் தேதி போட்டு எழுதுங்க, அந்த ஊர் பேரும் எழுதுங்க, பின்னாடி பழைய பத்திரிகைல அந்த ஊர் பேண்ட் போட்டோ கிடைச்சாலும் கிடைக்கும். போட்டோ தனியா போன்ல மட்டும் வைக்காம ஒண்ணு ரெண்டு பிரிண்ட் போட்டு கார்டோடயே வைங்க.

அந்த விரல் தடம் இருக்குற கார்னெட்டோட கார்டுல நான் எழுதியிருக்குறது: சி.ஜி. கான், எல்க்ஹார்ட், வூஸ்டர். 1887க்கும் 1898க்கும் நடுவுல. ஹை பிட்ச். சோப்பு தண்ணில கழுவினது, வேற ஒண்ணும் செய்யல. கேசிங்ல முலாம் தேஞ்ச இடம் வாசிச்சவரோட கை, தேய்க்காதீங்க.